ஈற்று நேரத்தில் படுத்துவிடும் பசு: கால்நடை கேள்வி–பதில்

இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்துள்ளன. வீட்டில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்போர், கன்று ஈனும் நேரத்தில் ஏற்படும் கால்சியம் குறைவைப் பற்றியே மிகுதியாகக் கேட்டிருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதிலளிப்பவர் கால்நடை மருத்துவர்.

கேள்வி: எங்களிடம் ஒரு ஜெர்சி கலப்பினப் பசு உள்ளது. சென்ற ஆண்டு மூன்றாம் ஈற்றில், கன்று போட்ட மறுநாள் காலை எழ முடியாமல் படுத்துவிட்டது. மருத்துவர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றிய பிறகு எழுந்தது. இப்போது நிறைசினையாக உள்ளது. கன்று போட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மறுபடியும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று கால்சியம் டானிக் வாங்கி நாள்தோறும் 100 மில்லி கொடுத்து வருகிறேன். கொடுக்கக் கூடாது என்று ஒருவர் தடுக்கிறார். குறைவாக இருக்கும் சத்தைக் கொடுப்பது எப்படித் தவறாகும்?
— வாசகி, உச்சிப்புளி

பதில்: சென்ற ஆண்டு உங்கள் பசுவுக்கு வந்தது பால் சுரம். அன்றும் அதன் எலும்புகளில் கிலோக் கணக்கில் கால்சியம் இருந்தது. இரத்தத்தில் ஓடும் இரண்டு மூன்று கிராம்தான் போதாமல் போயிற்று. ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் உள்ளது. முதல் நாளில் எட்டு லிட்டர் சீம்பால் சுரக்கும் மாட்டின் மடி, இரத்தம் முழுவதிலும் உள்ள அளவைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான கால்சியத்தை ஒரே நாளில் இழுத்துக்கொள்கிறது. அதை ஈடுசெய்ய மாட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எலும்பிலிருந்து கரைத்து எடுப்பது. மற்றொன்று, தீவனத்தில் உள்ளதைக் குடலில் கூடுதலாக உறிஞ்சிக்கொள்வது. இவ்விரண்டையும் முடுக்கிவிடுபவை, கழுத்தில் உள்ள இணைத்தைராய்டு சுரப்பியின் ஹார்மோனும், அதன் ஏவலால் சிறுநீரகத்தில் செயல்படும் வடிவத்துக்கு மாறுகின்ற வைட்டமின் டியும் ஆகும். ஈற்றுக்கு முன் கறவையை நிறுத்தியிருக்கும் வற்றுக்காலத்தில் மாட்டின் கால்சியத் தேவை சிறிதே. அப்போது டானிக்காகவும் கிளிஞ்சல் தூளாகவும் வாய்வழியே தாராளமாக வந்துகொண்டிருந்தால், அந்தச் சுரப்பிக்கு வேலையே இல்லாமல் போகிறது. கன்று விழுந்த அன்று தேவை திடீரென்று ஏறும்போது, எலும்பும் குடலும் முழு வேகத்தில் இயங்குவதற்கு ஒன்றிரண்டு நாட்கள் பிடிக்கின்றன. குதிர் நிறைய நெல் இருந்தும், சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லாத வீட்டின் நிலை அது. அந்த ஒன்றிரண்டு நாள் இடைவெளியில்தான் மாடு படுக்கிறது. எனவே, உங்களைத் தடுத்தவர் சொன்னது சரி. டானிக்கை இன்றே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் பசுவுக்கு அபாயம் கூடுதல் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை படுத்த மாடு அடுத்த ஈற்றிலும் படுக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். ஜெர்சி இரத்தம் உள்ள மாடுகளுக்கு இந்நோய் இயல்பாகவே எளிதில் வரும். தலைச்சன் கிடேரிகளிடம் இதை நாம் அரிதாகவே பார்க்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, சினை மாட்டுக்குக் கால்சியமே ஆகாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். வற்றுக்காலத்தில் கால்சியத்தை மிகவும் குறைத்துவிட வேண்டும் என்ற அறிவுரை, குதிரை மசாலும் கலப்புத் தீவனமும் வயிறு நிறையத் தின்னும் பெரும் பண்ணை மாடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. நம் பகுதியின் வீட்டு மாடு பெரும்பாலும் ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானைப் பக்கத்து வைக்கோலையும் அரிசித் தவிட்டையும் நம்பி வாழ்கிறது. வைக்கோலில் கால்சியம் குறைவு. இருப்பதிலும் ஒரு பங்கை அதிலுள்ள ஆக்சலேட் கட்டிப்போட்டுவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். இப்படி ஆண்டுக்கணக்கில் தின்ற மாட்டின் எலும்புச் சேமிப்பே வறண்டு போயிருக்கும். ஆகவே நம் மாடுகளுக்குத் தாது உப்புக் கலவை ஆண்டு முழுவதும் வேண்டும்: கறவையில் நாளொன்றுக்கு 50 கிராம், வற்றுக்காலத்தில் 30 கிராம். நல்ல கலவையில் ஐந்தில் ஒரு பங்கு கால்சியம் இருக்கும் என்பதால், 30 கிராமில் மாட்டுக்குச் சேர்வது ஆறு கிராம்தான். அது சுரப்பியைத் தூங்க வைக்கும் அளவன்று. அதனுடன் வருகின்ற மக்னீசியமோ இன்றியமையாதது, ஏனெனில் மக்னீசியம் குறைந்த மாட்டில் நான் மேலே சொன்ன ஹார்மோன் சுரப்பதும் குறையும், சுரந்ததும் சரியாக வேலை செய்யாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரிக்கும் தாது உப்புக் கலவை கிடைத்தால் அதையே வாங்கலாம்.

ஈற்றுக்கு முந்தைய மூன்று வாரங்களில் கவனிக்க வேண்டிய மற்றொன்று பொட்டாசியம். அது தீவனத்தில் மிகுந்தால் இரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. அந்த நிலையில் எலும்பும் சிறுநீரகமும் ஹார்மோனின் ஏவலுக்குச் செவி சாய்ப்பதில்லை. தொழுவத்துக் கழிவுநீர் ஓடிப் பாயும் மூலையில் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும் கம்பு நேப்பியர் புல்லில் பொட்டாசியம் நிறைய இருக்கும். மாட்டுச் சிறுநீரில் உள்ள பொட்டாசியமே அதற்குக் காரணம். அந்த மூன்று வாரங்கள் மட்டும் அந்தப் புல்லையும், அகத்தி, வேலிமசால் போன்ற கால்சியம் மிகுந்த தழைகளைக் கட்டுக்கட்டாகப் போடுவதையும் விலக்கி, வைக்கோலும் சாதாரணப் புல்லும் தாராளமாகவும், கலப்புத் தீவனம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரையிலும் கொடுத்து வாருங்கள். கன்று போட்ட மறுநாளிலிருந்து அகத்தியும் வேலிமசாலும் எவ்வளவு கிடைத்தாலும் நல்லதே. மாட்டை அளவுக்கு மீறிக் கொழுக்கவும் விடாதீர்கள். கொழுத்த மாடு ஈற்று நேரத்தில் தீவனத்தைத் தொடாது, படுப்பதும் அதுதான் முதலில்.

ஈற்று நாளன்று நிலைமை தலைகீழ். அன்று வேண்டியது விரைவாக உறிஞ்சப்படும் கால்சியம். கால்சியம் குளோரைடு அல்லது கால்சியம் புரோப்பியோனேட் கொண்ட, ஒரு வேளைக்கு 40 முதல் 50 கிராம் கால்சியம் தரும் ஜெல்லை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்து, கன்று விழுந்தவுடன் ஒன்றும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மற்றொன்றும் கொடுங்கள். மாடு நின்றுகொண்டு, தானாக விழுங்கும் நிலையில் இருக்கும்போது மட்டுமே கொடுக்க வேண்டும். வாங்கும்போது அட்டையைப் படித்துப் பாருங்கள். டானிக் என்ற பெயரில் விற்கும் பலவற்றில், ஒரு வேளை அளவில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. முதல் நாளில் மடியைச் சொட்டு விடாமல் கறந்துவிடாமல், கன்றுக்கு வேண்டிய அளவு மட்டும் எடுப்பது, முன்பு படுத்த மாடுகளுக்கு நல்லது.

கேள்வி: எங்கள் ஊரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு எளிதாகக் கிடைக்கிறது. சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை மாட்டுக்குக் கொடுத்தால் கால்சியம் ஏறும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஈற்று நேரத்தில் இது போதுமா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: போதாது. சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். ஒரு லிட்டர் தெளிநீரில் ஒரு கிராம் கால்சியம்கூட இருக்காது. எனவே நீங்கள் ஊற்றும் 100 மில்லியில் பத்தில் ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். சீம்பாலில் வெளியேறும் அளவுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அன்று. தெளிநீர் போதவில்லை என்று அடியில் தங்கிய சுண்ணாம்பையும் சேர்த்துக் கலக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும்; அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சுடாத கிளிஞ்சலை மாவாக இடித்துக் கொடுப்பது வேறு விஷயம். அது கால்சியம் கார்பனேட். 100 கிராமில் 35 கிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு. கறவைக் காலத்தில், வைக்கோலும் தவிடும் தின்னும் மாட்டுக்கு நாள்தோறும் 20 அல்லது 30 கிராம் கிளிஞ்சல் மாவு நல்ல துணை, செலவும் இல்லை. ஆனால் அது மெதுவாகவே உறிஞ்சப்படும் என்பதால் ஈற்று நாள் அவசரத்துக்கு உதவாது. முந்தைய மூன்று வாரங்களில் கொடுத்தால், உச்சிப்புளி வாசகிக்குச் சொன்ன கெடுதலே வந்து சேரும்.

கேள்வி: இரவில் மாடு கன்று போட்டால், பால் சுரம் வருவதை எப்படி முன்கூட்டி அறிவது? வந்துவிட்டால் மருத்துவர் வரும்வரை என்ன செய்வது? மருந்துக்கடையில் பாட்டில் வாங்கி, ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஏற்றிவிடலாமா?
— வாசகர், திருப்புல்லாணி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கூடாது. நரம்பில் ஏறும் கால்சியம் நேராக இதயத்துக்குப் போகிறது. வேகமாக ஏறினால் இதயம் தாளம் தவறி, மாடு ஊசி முனையிலேயே செத்துப்போகும். அதனால்தான் மருத்துவர் 450 மில்லி பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு காதில் மாட்டின் இதயத் துடிப்பைக் கேட்டபடியே, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார். துடிப்பு தடுமாறினால் உடனே நிறுத்துகிறார். கையில் ஊசி பிடிக்கத் தெரிவது ஒன்று, இதயத்தைக் கேட்கத் தெரிவது வேறொன்று.

நோய் பெரும்பாலும் கன்று போட்ட இரண்டு மூன்று நாட்களுக்குள் வரும். முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுவதால், பலர் அதைக் கவனிப்பதில்லை. மாடு காரணமில்லாமல் மிரளும், காதை ஆட்டிக்கொண்டே இருக்கும், தொடையிலும் விலாவிலும் தோல் துடிக்கும், பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைக்கும், தீவனத்தைத் தொடாது. அப்போதே அழைப்பவருடைய மாடு பெரும்பாலும் படுப்பதே இல்லை. இரண்டாம் கட்டத்தில் மாடு நெஞ்சு தரையில் படியப் படுத்து, தலையைத் திருப்பி விலாவின்மேல் வைத்துக்கொள்ளும்; தலையை நேராக்கி விட்டாலும் மறுபடியும் அப்படியே திருப்பிக்கொள்ளும், கழுத்தில் ஒரு வளைவு தெரியும். காதின் அடிப்பகுதியைக் கையால் பிடித்துப் பாருங்கள், சில்லென்றிருக்கும். மூக்கின் மேல்பரப்பு காய்ந்திருக்கும். சாணம் போடாது, அசை போடாது. பெயரில் சுரம் இருந்தாலும் உடம்பில் சூடு இருக்காது. இயல்பாக 101 அல்லது 102 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டிய வெப்பம் 97 முதல் 99 வரை இறங்கியிருக்கும். மூன்றாம் கட்டத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு உப்பி, நினைவிழக்கும். அதன் பிறகு சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

மருத்துவர் வரும்வரை செய்ய வேண்டிய முதல் வேலை, மாடு பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. வைக்கோல் திணித்த சாக்கையோ மணல் மூட்டையையோ இரு பக்கமும் அண்டைக் கொடுத்து, நெஞ்சின்மேல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். சாய்ந்த மாட்டுக்கு வயிற்றில் காற்று தேங்கி மூச்சு முட்டும். அடியில் கெட்டித் தரை இருந்தால் வைக்கோலோ கடற்கரை மணலோ கனமாகப் பரப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, மற்றப் பக்கத் தொடையின்மேல் எடை விழுமாறு மாற்றி விடுங்கள். அப்படிச் செய்யாமல் ஆறு மணி நேரம் ஒரே தொடையின்மேல் கிடக்கும் மாட்டுக்குச் சதையும் நரம்பும் நசுங்கி, பின்னர் எத்தனை பாட்டில் கால்சியம் ஏற்றினாலும் எழ முடியாமல் போகும். படுத்த மாட்டுக்கு வாய்வழியே எதையும் ஊற்றாதீர்கள். கருப்பட்டித் தண்ணீரும் கூடாது, சுக்குக் கஷாயமும் கூடாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால், ஊற்றியது நேராக நுரையீரலுக்குள் இறங்கும். சுரத்திலிருந்து மீண்ட மாடு, நான்காம் நாள் நிமோனியாவால் இறப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ அவசர ஊர்தியை அழைக்கலாம். உங்கள் பகுதிக் கால்நடை மருந்தக மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள்.

மருந்து ஏறும்போது அருகில் இருந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். பாட்டில் பாதி இறங்குவதற்குள் மாடு ஏப்பம் விடும், தொடை நடுங்கும், சாணம் போடும்; காய்ந்திருந்த மூக்கில் முத்து முத்தாக ஈரம் அரும்பும். இவற்றையெல்லாம் கண்டால் அது எழுந்துவிடும் என்று நம்பலாம். ஆனால் எழுந்த மாடுகளில் சுமார் நான்கில் ஒன்று, அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் மறுபடியும் படுக்கும். ஆகவே எழுந்துவிட்டதே என்று அன்று மாலையே மடியை வற்றக் கறந்துவிட வேண்டாம். மருத்துவர் வாய்வழிக் கால்சியம் எழுதிக்கொடுத்திருந்தால், அதைத் தவறாமல் கொடுங்கள். பாட்டில் ஏறியும் எழாத மாட்டுக்கு வேறு காரணம் இருக்கலாம். பெரிய கன்றை இழுத்து எடுத்ததில் இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கலாம், கடுமையான மடிநோய் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம், பாஸ்பரஸ் குறைந்திருக்கலாம். படுத்த மாடெல்லாம் பால் சுரம் அன்று.

கேள்வி: பாசி வளர்ப்பில் கழிக்கப்படும் பெப்சி பாசியைக் காயவைத்து மாட்டுக்குப் போடலாமா? கடல் பாசியில் எல்லாத் தாதுக்களும் இருக்கின்றனவாமே?
— வாசகி, மண்டபம்

பதில்: இருக்கின்றன, பிரச்சினையும் அதுதான். நீங்கள் பெப்சி பாசி என்று சொல்லும் கப்பாபைகஸ் பாசியில் பொட்டாசியம் மிகுதி. காய்ந்த பாசியின்மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைடுதான், சமையல் உப்பு அன்று. வயிற்றில் பொட்டாசியம் மிகுந்தால் மக்னீசியம் உறிஞ்சப்படுவது தடைப்படும். மக்னீசியம் குறைந்தால் கால்சியத்தை மீட்கும் ஏற்பாடு முழுவதும் மந்தமாகும். எனவே நிறைசினை மாட்டுக்கு வேண்டவே வேண்டாம். கறவை மாட்டுக்கு, நல்ல தண்ணீரில் இருமுறை அலசிக் காயவைத்து ஒரு கைப்பிடி அளவு போட்டால் கெடுதல் இல்லை. அதைத் தாது உப்புக் கலவைக்கு மாற்றாகக் கருதாதீர்கள். அதில் உள்ள கால்சியம் உங்கள் மாட்டின் தேவைக்குப் போதாது.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்த்துவிடுகிறது. சினை மாடு குடித்தால் பால் சுரம் வருமா?
— வாசகர், தொண்டி

பதில்: உவர்நீர் நேரடியாகப் பால் சுரத்தைக் கொண்டுவருவதில்லை. ஆனால் பிடிக்காத தண்ணீரை மாடு குறைவாகக் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீவனம் குறையும். ஈற்று நேரத்தில் தீவனம் குறைவது கால்சியத்துக்கும் கேடு, பாலுக்கும் கேடு. ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 3000 மில்லிகிராம் வரை இருந்தால் மாடு பழகிக்கொள்ளும். 5000-க்கு மேல் போனால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. நீர்ப் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் கொடுத்துத் தெரிந்துகொள்வது நல்லது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ மழைநீர்த் தொட்டி நீரோ கிடைத்தால், கடைசி மூன்று வாரமும் ஈன்ற ஒரு வாரமும் அதைக் கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலந்தாவது வையுங்கள். தண்ணீரே உப்பாக இருக்கும்போது, கழனித் தொட்டியில் மேலும் உப்பள்ளிப் போடும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். ஈற்றுக்கு முன் மடியும் அடிவயிறும் நீர் கோத்து வீங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் பசு கன்று போட்டு ஒன்றரை நாள் ஆகிறது. நிற்கிறது, நடக்கிறது, ஆனால் இளங்கொடி விழவில்லை. தீவனமும் பாதிதான் எடுக்கிறது. பாலும் எதிர்பார்த்த அளவு இல்லை. இதற்கும் கால்சியத்துக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், கீழக்கரை

பதில்: உண்டு. என் பார்வையில், நம் வீட்டு மாடுகளுக்கு மிகுதியாக இழப்பை ஏற்படுத்துவது படுக்கும் பால் சுரம் அன்று. நின்றுகொண்டே இருக்கும் மாட்டின் மறைமுகக் கால்சியம் குறைவுதான். 100 மில்லி இரத்தத்தில் 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய கால்சியம், 8-க்குக் கீழே இறங்கினாலே தசைகள் சோர்ந்துவிடும். மாடு படுப்பது அது ஐந்தரைக்கும் கீழே போன பிறகுதான். இடைப்பட்ட நிலையில், கருப்பை சுருங்கும் வலிமை குறைவதால் இளங்கொடி தங்கும். சில நேரங்களில் கருப்பையே வெளியே தள்ளிவிடும். இரைப்பையின் அசைவு குறைவதால் தீவனம் இறங்காது. காம்பின் நுனித் துவாரத்தை இறுக மூடும் தசை தளர்வதால், கறந்த பின் கிருமி உள்ளே புகுந்து மடிநோய் வரும். ஒவ்வொன்றும் தனித்தனி நோயாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செலவு செய்வோம்.

உங்கள் மாட்டுக்கு இப்போது செய்ய வேண்டியது, மருத்துவரிடம் காட்டுவது. 24 மணி நேரம் கடந்துவிட்டதால் காத்திருக்க வேண்டாம். தொங்கும் கொடியில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டித் தொங்கவிடுவதும், ஆளை விட்டு இழுப்பதும் கருப்பையைக் கிழித்துப் புண்ணாக்கும். அடுத்த சினை பிடிக்காமல் போவதற்கு அதுவே காரணமாகும். நிற்கிற மாட்டுக்கு நரம்பில் கால்சியம் ஏற்றச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தவும் வேண்டாம். அது இரத்தக் கால்சியத்தை ஒரேயடியாக உயர்த்தி, சுரப்பியை மீண்டும் அடங்கச் செய்து, மறுநாள் முன்பைவிடக் கீழே இறக்கிவிடும். நிற்கும் மாட்டுக்கு வாய்வழிக் கால்சியமே பொருத்தம்.

கேள்வி: பால் சுரம் வந்த மாட்டின் மடியில் சைக்கிள் பம்பால் காற்றடித்து எழுப்பிய கதையை என் மாமனார் சொல்வார். உண்மையா?
— வாசகி, ஏர்வாடி

பதில்: உண்மைதான். 1897-இல் டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஷ்மிட் என்பவர், மடிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் செலுத்தினால் மாடு எழுவதைக் கண்டார். மருந்தே தேவையில்லை, காற்றை நிரப்பினாலே போதும் என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. மடிக்குள் அழுத்தம் ஏறினால் பால் சுரப்பது நிற்கும். இரத்தத்திலிருந்து கால்சியம் வெளியேறுவதும் நிற்கும். இரத்தத்தில் கால்சியம் குறைவதே நோய்க்குக் காரணம் என்பது 1925 வாக்கில்தான் விளங்கியது. ஆகவே காரணம் தெரியாமலே பலித்த வைத்தியம் அது. இன்று அதைச் செய்ய வேண்டாம். பம்பின் காற்றோடு கிருமியும் காம்புக்குள் போய், எழுந்த மாட்டின் மடி கெட்டுவிடும்.

கேள்வி: நாட்டு மாட்டுக்கும் இவ்வளவு பக்குவம் வேண்டுமா?
— வாசகர், சாயல்குடி

பதில்: வேண்டாம். நாட்டு மாடு கன்றுக்குப் போக ஓரிரு லிட்டர்தான் கறக்கிறது. அந்த இழப்பை அதன் உடம்பே ஈடுசெய்துகொள்ளும். தாது உப்புக் கலவை மட்டும் தவறாமல் கொடுங்கள்.

கேள்வி: ஈற்றுக்கு முன் வைட்டமின் டி ஊசி போட்டால் பால் சுரம் வராது என்கிறார்களே?
— வாசகர், பெரியபட்டினம்

பதில்: ஈனுவதற்கு இரண்டு நாள் முதல் எட்டு நாள் முன்னதாக ஒரு கோடி அலகு வைட்டமின் டி3 போட்டால் பலன் உண்டு. ஆனால் எட்டு நாளுக்குள் மாடு ஈனாவிட்டால் பலன் போய்விடும். திரும்பத் திரும்பப் போட்டால், இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் கால்சியம் படிந்து நஞ்சாகும். ஈற்று நாள் துல்லியமாகத் தெரிந்த, முன்பு படுத்த மாட்டுக்கு மட்டும், மருத்துவரே முடிவு செய்ய வேண்டியது இது.

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன், எட்டு நாளுக்கு முன் என்றெல்லாம் சொல்கிறீர்கள். மாடு என்றைக்கு ஈனும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?
— வாசகி, முத்துப்பேட்டை

பதில்: சினை ஊசி போட்ட தேதியிலிருந்து ஏறத்தாழ 280 நாட்கள், அதாவது ஒன்பது மாதமும் சில நாட்களும். தை முதல் நாள் ஊசி போட்டிருந்தால் ஐப்பசி முதல் வாரத்தில் ஈற்றை எதிர்பார்க்கலாம். புரட்டாசி பாதியிலிருந்து நான் சொன்ன மூன்று வாரக் கணக்குத் தொடங்கும், அதற்கும் ஐந்து ஆறு வாரம் முன்பே, ஆடிக் கடைசியிலிருந்து, பால் கறப்பதை நிறுத்தி வற்ற விட்டிருக்க வேண்டும். ஊசி போட்டவுடன் கொடுக்கும் அட்டையைத் தொலைத்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம் என்பதால், தேதியை வீட்டு நாட்காட்டியிலும் தொழுவத்துச் சுவரிலும் எழுதி வையுங்கள். மேய்ச்சலில் காளையோடு சேர்ந்து சினையான மாடாக இருந்தால், மூன்று மாதத்துக்குள் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்தால் நாளை ஓரளவு கணித்துச் சொல்வார். கடைசி நேரத்தில் வால் அடியின் இரு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். கயிறு போல் விறைப்பாக இருந்த தசைநாண்கள் குழைந்து பள்ளம் விழுந்திருந்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் கன்று வந்துவிடும். ஜெல் வாங்கி வைக்காதவர்கள் அன்றே போய் வாங்கிவிட வேண்டும், ஏனெனில் கன்று பெரும்பாலும் கடை அடைத்த பிறகுதான் விழுகிறது.